வீடு யார் பேரில்?

அமெரிக்காவில் ஏதோ ஒரு சிற்றூரில், நடுராத்திரியில் ஒரு வீடு பற்றி எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சைரன் அலற வந்து நிற்கும் வண்டியிலிருந்து குதித்து இறங்குகிறவர் பகலில் பிளம்பராக இருப்பார். இல்லாவிட்டால் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவராகவோ, ஹார்டுவேர் கடைக்காரராகவோ இருப்பார். தீயணைக்கும் வேலைக்கு அவருக்குச் சம்பளம் கிடையாது.

நம் ஊரில் 101-ஐ அழைத்தால் வருகிறவர் அரசு ஊழியர். அதனால் இதை நம்புவதற்குக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கும். நியூயார்க், சிகாகோ மாதிரி பெருநகரங்களில் சம்பள ஆட்கள் உண்டு. சின்ன ஊர்களில் கதையே வேறு. 2020 கணக்குப்படி அந்த நாட்டிலிருந்த சுமார் 10,41,000 தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய 6,77,000 பேர் வாலண்டியர்கள். நூற்றுக்கு 65 பேர்! பெஞ்சமின் பிராங்க்ளின் 1736-ல் பிலடெல்பியாவில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 'யூனியன் ஃபயர் கம்பெனி'யை ஆரம்பித்த காலத்திலிருந்து வருகிற வழக்கம் இது. அன்றைக்கு ஒவ்வொரு உறுப்பினரும் தன் வீட்டிலிருந்து தோல் வாளிகளும், சாமான்களை அள்ளிப்போட துணிப்பைகளும் கொண்டுவர வேண்டும். இன்றைக்கு வாளிக்குப் பதில் பேஜர்.

ஆனால் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. 1984-ல் 8,97,750 வாலண்டியர்கள் இருந்தார்கள். அப்போது நாட்டின் மக்கள்தொகை சுமார் 23 கோடியே 60 லட்சம். இப்போது மக்கள்தொகை 33 கோடியைத் தாண்டிவிட்டது, வாலண்டியர்களோ 2 லட்சத்துக்கும் மேல் குறைந்துவிட்டார்கள். காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், வேலை வேறு ஊரில் இருக்கிறது, பயிற்சி நேரம் கூடிவிட்டது, பழைய ஆட்களுக்கு வயதாகிவிட்டது.

இதற்கு நியூயார்க் மாநிலம் யோசித்த வழிகளில் ஒன்று, வீட்டு வரியில் கை வைப்பது. அந்த வரிச் சலுகைதான் ஒரு பாளையங்கோட்டைப் பெண்ணின் வீட்டில், 13 வருஷமாக யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கொண்டுவந்து போட்டது.

அவருக்கு இப்போது ஐம்பது வயதை நெருங்குகிறது. விலங்கியலில் முதுகலை படித்தவர். கணவருக்கு சாஃப்ட்வேர் வேலை. நியூயார்க் நகரத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வடக்கே போனால், ஹட்சன் ஆற்றை ஒட்டி சின்னச் சின்ன டவுன்கள் வரும். அதில் ஒன்றில் வீடு. ஒரு மகன், ஒரு மகள். 2006-ல் எச்-4 விசாவில் போனவர். அந்த விசாவில் போகும் மனைவிகளுக்கு அப்போது வேலை பார்க்க அனுமதி கிடையாது. அவர்களில் ஒரு பகுதியினருக்காவது அனுமதி கிடைக்க ஆரம்பித்ததே 2015 மே மாதம்தான். அதுவரை பிள்ளைகள், சமையல், கோயில், பனி தள்ளுவது என்று வாழ்க்கை ஓடியது.

அவர் ஆம்புலன்ஸில் ஏறியதற்குக் காரணம் மாமனார். 2016 ஜனவரியில் ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தவருக்கு ஒரு ராத்திரி நெஞ்சை அடைத்தது. வெளியே முழங்கால் அளவு பனி. 911-ஐ அழைத்தார்கள். சிறிது நேரத்தில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருவர், மகள் படிக்கும் பள்ளியின் கேன்டீனில் தினமும் தட்டில் சாப்பாடு வைக்கிற அம்மா. பைஜாமா மேல் சீருடைக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். மாமனாருக்கு இங்கிலீஷ் வராது. இவர்தான் நடுவில் நின்று, “எங்க வலிக்குன்னு கேக்காங்க மாமா, கைய வச்சுக் காட்டுங்க” என்று மொழிபெயர்த்தார். மாமனார் பிழைத்துக்கொண்டார். ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள்.

ஒரு வாரம் கழித்து அந்த கேன்டீன் அம்மாவுக்கு ஒரு டப்பா அதிரசம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, பேச்சுவாக்கில் கேட்டார்: “ஆம்புலன்ஸில் எவ்வளவு சம்பளம் தருகிறார்கள்?”

அந்த அம்மா சிரித்துவிட்டார். சம்பளமா! பெட்ரோல்கூட சொந்தக் காசு என்றார். “உனக்கு நேரம் இருக்கிறதா? எங்களுக்கு ஆள் இல்லை.”

நேரம் இருந்தது. அதுதான் அவரிடம் நிறைய இருந்தது. 2017 ஆரம்பத்தில் குழுவில் சேர்ந்தார். முதலில் ஸ்ட்ரெச்சர் பிடிக்க, ஆக்சிஜன் சிலிண்டர் மாற்ற. அப்புறம் அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சி. வகுப்பு, செய்முறை என்று 150 மணி நேரத்துக்கு மேல். தேர்வு எழுதி, மாநிலச் சான்றிதழ் வாங்கினார். அதை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

வாரத்தில் இரண்டு பகல், ஒரு இரவு அவருடைய முறை. அந்த இரவுகளில் பேஜர் தலைமாட்டில் இருக்கும். சத்தம் கேட்டதும் கணவர் மறுபக்கம் புரண்டு படுத்துக்கொள்வார். இவர் சாக்ஸைத் தேடுவார். விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட பாட்டிகள், சர்க்கரை இறங்கி மயங்கினவர்கள், நெடுஞ்சாலையில் மானை இடித்த கார்கள். சில வீடுகளில் போதை மருந்து. ஒரு தடவை, பாத்ரூம் தரையிலேயே பிறந்துவிட்ட ஒரு குழந்தை. அதைப் பற்றி மட்டும் கேட்டால் உற்சாகமாகச் சொல்வார். மற்ற எதையும் வீட்டில் வந்து பேசுவதில்லை. சாப்பாட்டு மேஜையில் அவர் பேசாமல் இருந்தால், பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

இப்போது வரி விஷயத்துக்கு வருவோம்.

நியூயார்க் மாநிலத்தில் வீட்டு வரி என்பது நம் மாநகராட்சி வரி மாதிரி அரையாண்டுக்கு ஒரு தொகை கட்டிவிட்டு மறந்துபோகிற சமாச்சாரம் இல்லை. அமெரிக்காவிலேயே வீட்டு வரி அதிகமாக உள்ள மாநிலங்களில் அதுவும் ஒன்று. ஒரே வீட்டுக்குப் பல கைகள் நீளும். டவுன் ஒரு பங்கு கேட்கும், கவுண்டி ஒரு பங்கு கேட்கும். பள்ளி மாவட்டம் கேட்பதுதான் எல்லாவற்றிலும் பெரிது. அரசுப் பள்ளிகள் அந்தந்த ஊர் வீட்டு வரியில்தான் பெருமளவு நடக்கின்றன. பெரும்பாலான டவுன்களில் டவுன் – கவுண்டி பில் ஜனவரியில் வரும், பள்ளி பில் செப்டம்பரில் வரும். இவர்கள் வீட்டின் வரி மதிப்பீடு 3,40,000 டாலர். டவுனுக்கு 1,700 டாலர், கவுண்டிக்கு 900, பள்ளிக்கு 6,800. ஆக வருஷத்துக்கு 9,400 டாலர். கடன் அடைந்த பிறகும் இது நிற்காது. “வீடு நம்முது இல்ல, வாடகைக்குத்தான் இருக்கோம்” என்று கணவர் ஜனவரிதோறும் சொல்வது வழக்கம்.

முன்பு வாலண்டியர்களுக்கு வரியில் ஏதாவது தள்ளுபடி தரவேண்டும் என்றால், ஒவ்வொரு கவுண்டிக்கும் தனித்தனியாக தலைநகர் ஆல்பனியில் சட்டம் போட வேண்டியிருந்தது. சில கவுண்டிகளுக்குக் கிடைத்தது, பலவற்றுக்குக் கிடைக்கவில்லை. 2022 டிசம்பரில் கவர்னர் கேத்தி ஹோக்கல் கையெழுத்திட்ட சட்டம் அதை மாநிலம் முழுவதற்கும் பொதுவாக்கியது. தன்னார்வத் தீயணைப்பு வீரர், தன்னார்வ ஆம்புலன்ஸ் ஊழியர் யாராக இருந்தாலும், அவர் குடியிருக்கும் சொந்த வீட்டின் மதிப்பீட்டில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஆல்பனி செய்தது, கதவைத் திறந்துவிட்டது மட்டும்தான். உள்ளே போவதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு டவுனும், ஒவ்வொரு கவுண்டியும், ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் பொதுமக்களைக் கூட்டி, கருத்துக் கேட்டு, தனித்தனியாகத் தீர்மானம் போட்டு முடிவு செய்ய வேண்டும். குறைந்தது எத்தனை வருஷ சேவை வேண்டும் என்பதையும் அவர்கள்தான் சொல்வார்கள். இரண்டு வருஷத்துக்குக் குறையக் கூடாது, ஐந்துக்கு மேல் போகக் கூடாது. 20 வருஷம் சேவை செய்தவருக்கு ஆயுள் முழுக்கச் சலுகை தரவும், பணியில் உயிர்விட்டவரின் மனைவிக்கோ கணவருக்கோ அதைத் தொடரவும் சட்டத்தில் இடம் உண்டு. அதுவும் அந்தந்த ஊரின் இஷ்டம்.

இவர்கள் டவுனில் 2023 அக்டோபரில் கூட்டம் போட்டார்கள். நாற்காலிகள் நிரம்பிவிட்டன. பாதிப்பேர் சீருடையில் இருந்தார்கள்.

எல்லோரும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எழுபதைத் தாண்டிய ஒரு விதவை எழுந்து, “உங்கள் எல்லோர் மீதும் மரியாதை இருக்கிறது. என் கணவரைத் தூக்கிக்கொண்டு போனதும் நீங்கள்தான். ஆனால் ஒருவருக்குக் குறைத்தால் அந்தப் பணம் எங்கிருந்து வரும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. டவுன் வசூலிக்க வேண்டிய மொத்தத் தொகை குறைவதில்லை. ஒரு வீட்டின் மதிப்பீட்டில் கழித்தது, மற்ற எல்லா வீடுகளின் மேலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். வீட்டுக்கு சில டாலர்தான் வரும் என்று கணக்கு சொன்னார்கள். பென்ஷனில் வாழ்கிறவருக்கு சில டாலரும் டாலர்தான். எதிர்த்துப் பேசியவர்கள்தான் பதில் தர வேண்டும்: வாலண்டியர்கள் இல்லாமல் போய், சம்பளத்துக்கு ஆள் வைத்தால் வரி எங்கே போகும்?

அந்தக் கூட்டத்தில் பேசாமல் கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து நின்ற ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 24 வயது. சூப்பர்மார்க்கெட்டில் சரக்கு அடுக்குகிற வேலை. ஒரு கராஜின் மாடியில் அறை எடுத்து வாடகைக்கு இருக்கிறான். நாலு வருஷமாக ஆம்புலன்ஸ் குழுவில் இருக்கிறான். ராத்திரி அழைப்பு எதுவாக இருந்தாலும் முதலில் வந்து நிற்பது அவன்தான். இவருக்கு அவனோடு ஒரு அம்மா – பிள்ளைப் பாசம். வண்டியில் போகும்போது எலுமிச்சைச் சாதம் கொடுத்துப் பழக்கிவைத்திருக்கிறார்.

புதுச் சட்டத்தில் அவனுக்கு ஒரு காசு கிடையாது. அவனுக்கு வீடு இல்லையே! அவன் கொடுக்கிற வாடகையில் வீட்டுக்காரருடைய வரியும் சேர்ந்துதான் இருக்கிறது. ஆனால் சலுகைக் கணக்கில் வாடகைதாரர் என்று ஒரு ஆளே கிடையாது. இளைஞர்களை இழுக்கத்தான் இந்தச் சலுகை என்று மேடையில் சொன்னார்கள். இந்தக் காலத்தில் இருபது வயதில் எந்த இளைஞனிடம் சொந்த வீடு இருக்கிறது? சலுகை போய்ச் சேர்வது, ஐம்பது, அறுபது வயதில் ஏற்கெனவே வீடும் ஏற்கெனவே சேவையும் உள்ளவர்களுக்கு. அவர்களுக்குக் கிடைப்பதில் தவறில்லை. ஆனால், போடுகிற தூண்டில் பெரிய மீனுக்கு, பிடிக்க நினைப்பதோ குஞ்சு மீனை என்றால் எப்படி?

டவுன் போர்டு தீர்மானத்தை நிறைவேற்றியது. 10 சதவீதம். குறைந்தபட்சம் ஐந்து வருஷ சேவை. கடைசித் தேதி மார்ச் 1. அன்றைய நிலவரப்படிதான் அந்த வருஷத்து வரிப் பதிவேடு தயாராகும்.

2024 ஜனவரியில் இவர் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, குழுத் தலைவர் கையெழுத்திட்ட சேவைச் சான்றையும் இணைத்து, டவுன் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தார். கவுன்டரில் இருந்த பெண் தெரிந்தவர்தான். போன வருஷம் அவருடைய அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இவருடைய வண்டி. சிரித்த முகத்தோடு விண்ணப்பத்தை வாங்கி, கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

“வீடு உங்கள் பெயரில் இல்லையே?”

“என் கணவர் பெயரில் இருக்கிறது.”

“அவர் வாலண்டியரா?”

“இல்லை. நான்தான்.”

அந்தப் பெண் சட்டத்தின் வாசகத்தை எடுத்துக் காட்டினார். வீடு, சேவை செய்கிறவருக்குச் சொந்தமானதாக இருக்க வேண்டும். அல்லது அவருக்கும் அவருடைய துணைக்கும் சேர்த்துச் சொந்தமானதாக இருக்க வேண்டும். துணைக்கு மட்டும் சொந்தம் என்றால் கணக்கில் வராது. “மன்னித்துவிடுங்கள்” என்று இரண்டு முறை சொன்னார்.

இவருக்கு விஷயம் புதிது இல்லைதான். 2011-ல் வீடு வாங்கியபோது சம்பளம் கணவருக்கு, கிரெடிட் ஸ்கோர் கணவருக்கு, அதனால் கடனும் பத்திரமும் கணவர் பேரில் இருக்கட்டும் என்று ஆகிவிட்டது. அன்றைக்குப் பால் காய்ச்சியது இவர்தான். 13 வருஷமாக அந்த வீட்டின் வெந்நீர் பாய்லர் எப்போது மக்கர் பண்ணும், எந்த ஜன்னலில் காற்று வரும் என்பதெல்லாம் இவருக்கு மட்டும்தான் தெரியும். பத்திரத்தை எடுத்துப் பார்க்க ஒரு சந்தர்ப்பம் வந்ததில்லை. நம் வீடுகளில் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது?

அன்று ராத்திரி கணவரிடம் சொன்னார். கணவர் நல்ல மனிதர். மனைவி ராத்திரி ஆம்புலன்ஸில் போவதை ஊரில் சில உறவினர்கள் முகம் சுளித்துக் கேட்டபோது, “அவ போகாட்டி எங்கப்பா மாதிரி ஆளுக யாரு வருவா?” என்று வாயடைத்தவர். இதற்கு அவர் சொன்ன பதிலும் நமக்கெல்லாம் பழக்கமானதுதான்.

“உன் பேர்ல இருந்தா என்ன, என் பேர்ல இருந்தா என்ன? எல்லாம் ஒண்ணுதானே!”

“ஒண்ணுதாங்க. அப்ப என் பேரையும் எழுதிடுங்களேன்.”

கணவர் உடனே பதில் சொல்லவில்லை. மறுப்பு இல்லை, அவருக்கு அதில் ஒரு அலுப்பு. வக்கீல் செலவு, பேங்க்காரன் ஏதாவது சொல்வானோ என்ற பயம், இருநூறு டாலருக்காக இத்தனை அலைச்சலா என்ற எரிச்சல். அதோடு, வெளியில் சொல்லாத இன்னொன்றும் இருந்திருக்கலாம். இத்தனை வருஷம் கழித்து மனைவி கேட்கிறாள் என்றால், இத்தனை வருஷமும் மனசில் இருந்திருக்கிறதோ என்ற சின்ன உறுத்தல்.

இவர் மனசில் இருந்தது வேறு. 2014-ல் அப்பா இறந்தபோது பாளையங்கோட்டை வீடு அப்பா பெயரில் மட்டும் இருந்தது. அம்மா அந்த வீட்டில் 41 வருஷம் குடியிருந்தவர். அவர் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு நடந்த நடை, பட்டா மாற்றத்துக்காகக் காத்துக்கிடந்த வராண்டாக்கள், “உங்க மக அமெரிக்காவுல இருந்து கையெழுத்துப் போட்டு அனுப்பணும்மா” என்று திருப்பி அனுப்பிய நாட்கள்... இவர் போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா ஒருநாள் சொன்னார்: “ஏ புள்ள, என் வீட்டுல நான் இருக்கதுக்கு, நான் யாருன்னு நானே நிரூபிக்க வேண்டியிருக்கு.” அதைக் கணவரிடம் அப்போது சொன்னாரா என்று இவருக்கு நினைவில்லை. இப்போது சொன்னார்.

அதோடு ஆம்புலன்ஸில் பார்த்ததும் இருந்தது. ராத்திரி ஒரு மணிக்கு ஒரு வீட்டில், தரையில் கிடக்கும் கணவர் பக்கத்தில், கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் பெண்களைப் பார்த்துப் பார்த்து, ‘நாளைக்குக் காலையில் இவளுக்கு என்னென்ன காகிதம் தேவைப்படும்’ என்று யோசிக்கிற பழக்கம் வந்துவிட்டது. அதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

அடுத்த வாரம் இரண்டு பேரும் வக்கீலைப் பார்த்தார்கள். பேங்க் பயத்துக்கு வக்கீலிடம் பதில் இருந்தது. கடன் உள்ள வீட்டில் மனைவியையும் உரிமையாளர் ஆக்கினால், அதைக் காரணம் காட்டி முழுக் கடனையும் உடனே கட்டு என்று வங்கி கேட்கக் கூடாது என 1982-லேயே மத்தியச் சட்டம் இருக்கிறது. கடன் பழையபடி கணவர் பேரிலேயே தொடரும்.

இன்னொன்றையும் அந்த வக்கீல் சொன்னார். நியூயார்க்கில் ஒரு வீடு கணவன், மனைவி என்று இருவர் பெயரிலும் பத்திரமானால், இரண்டு பேருக்கும் பாதிப் பாதி என்று அர்த்தம் இல்லை. இரண்டு பேருக்கும் முழுசாகச் சொந்தம். ஒருவர் போய்விட்டால், வீடு மற்றவருக்குத் தானாகவே நிற்கும். அந்த வீட்டுக்காகக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. வாரிசு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வீட்டை முழுசாக விற்கவும் முடியாது.

கணவர் அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து, “அப்ப இதை வாங்கும்போதே செஞ்சிருக்கலாமே?” என்றார். வக்கீல் தோளைக் குலுக்கினார். நீங்கள் கேட்கவில்லையே என்பது போல.

கணவர் தன்னிடமிருந்து தனக்கும் மனைவிக்குமாக எழுதிக்கொடுத்த பத்திரம், மாநிலம் கேட்கிற இரண்டு படிவங்கள், கவுண்டி கிளார்க் ஆபீஸில் பதிவுக் கட்டணம், வக்கீல் ஃபீஸ். எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலரை நெருங்கியது. பிப்ரவரி மூன்றாவது வாரம் பதிவாகிவிட்டது. மார்ச் 1-க்கு நாள் இருந்தது.

இதற்குள் மகன் லேப்டாப்பைத் திறந்து கணக்குப் போட்டான். மதிப்பீட்டில் 34,000 டாலர் கழியும். டவுன் மட்டும்தான் தீர்மானம் போட்டிருக்கிறது. டவுன் வரி ஆயிரத்துக்கு 5 டாலர். ஆக மிச்சம் வருஷத்துக்கு 170 டாலர்.

“அம்மா, உனக்கு இன்கம் டாக்ஸில் வருஷா வருஷம் 200 டாலர் வருகிறதே, அது என்ன?”

அது வேறு சலுகை. வருஷம் முழுக்கச் சேவையில் இருக்கும் வாலண்டியருக்கு நியூயார்க் மாநிலம் வருமான வரியில் தருகிற 200 டாலர். கணவன் மனைவி இருவரும் வாலண்டியர் என்றால் 400. இதற்கு வீடு தேவையில்லை. அந்த வாடகைப் பையனுக்கும் கிடைக்கும். ஆனால் அப்போதிருந்த விதிப்படி, வாலண்டியர் சேவைக்காக வீட்டு வரிச் சலுகை வாங்குகிறவர் இந்த 200 டாலரைக் கேட்கக் கூடாது. இரண்டில் ஒன்றுதான்.

அதாவது 170 டாலர் வாங்கினால் 200 டாலர் போய்விடும்.

கொஞ்ச நேரம் வீட்டில் யாரும் பேசவில்லை. பிறகு கணவர்தான் முதலில் சிரித்தார். “ஆயிரம் டாலர் செலவு பண்ணி, வருஷத்துக்கு 30 டாலர் நஷ்டம் சம்பாதிச்சிருக்கோம்!” சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகளும் சேர்ந்துகொண்டாள். இவரும் சிரித்தார்.

பள்ளி மாவட்டமும் தீர்மானம் போட்டால் கதை மாறும். பள்ளி வரி ஆயிரத்துக்கு 20 டாலர். 34,000-க்கு 680 டாலர் மிச்சம். டவுனையும் சேர்த்தால் 850. ஆனால் பள்ளி மாவட்டம் தயங்குகிறது. பட்ஜெட்டில் ஏற்கெனவே இழுபறி. பக்கத்து டவுன்களின் வாலண்டியர்களும் அதே பள்ளி மாவட்டத்தில் வருவார்கள். அந்த விதவை கேட்ட கேள்வியை அங்கேயும் யாராவது கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

எப்படியானாலும், இந்த எண்களைக் கேட்டு ஒருவர் புதிதாக வந்து சேர்வார் என்று ஆம்புலன்ஸ் குழுவில் யாரும் நம்பவில்லை. பிப்ரவரி மாதக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது, கேன்டீன் அம்மா, “170 டாலருக்கு யார் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வருவார்கள்?” என்று கேட்டார். அவருக்கு 22 வருஷ சேவை. ஆனால் அவரே விண்ணப்பத்தை முதல் ஆளாகக் கொடுத்திருந்தார். அவருடைய வீட்டு மதிப்பீட்டுக்கு 200 டாலரைத் தாண்டாது என்று சொன்னதற்கு, “இருக்கட்டும். பதிவேட்டில் என் வீட்டு எண்ணுக்கு எதிரே ‘ஆம்புலன்ஸ் வாலண்டியர்’ என்று ஒரு வரி இருக்கட்டும்” என்றார். அப்படியும் ஒரு கணக்கு இருக்கிறது.

பாளையங்கோட்டைக்காரர் விண்ணப்பத்தைக் கொடுக்கவில்லை. 200 டாலரே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். சேவைச் சான்றோடு இணைத்த அந்தக் காகிதம் சமையலறை டிராயரில், கூப்பன்களுக்கும் ரப்பர் பேண்டுகளுக்கும் நடுவில் கிடக்கிறது.

பதிவான பத்திரம் மார்ச் மாதம் தபாலில் வந்தது. இரண்டு பெயர்கள். கணவர் பெயருக்குப் பின்னால் இவர் பெயர், அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டு. போட்டோ எடுத்து ஊரில் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து படிக்க வராது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். பிறகு போன் செய்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “மாப்ள சந்தோசமாத்தானே போட்டுக் குடுத்தாவ?”

“சந்தோசமாத்தாம்மா.”

“அப்பச் சரி.”

பள்ளி மாவட்டம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தத் தேதி குறித்தபோது, இவர் அந்த 24 வயசுப் பையனையும் வரச் சொன்னார். “எனக்கென்ன அங்கே வேலை? எனக்கு வீடே இல்லையே” என்றான் அவன்.

“அதைத்தான் வந்து சொல்லு” என்றார் இவர்.

அவன் யோசித்துவிட்டு, அன்றைக்கு ராத்திரி ஷிஃப்ட் இருக்கிறது, மாற்றிக்கொள்ள முடியுமா பார்க்கிறேன் என்றான்.